திரை உறைந்தது, ஆலை ஓடியது

கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டரின் கணினித் திரை திடீரென்று உறைந்துபோனது; மவுஸ் நகரவில்லை, ஆனால் ஆலை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது; ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது; அதே நாளில் இயக்கப்பட்ட பக்கத்துக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்காக மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதத்தான் வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதத்தான் வேண்டும். அதற்கான காரணம், திரை உறைந்த விதத்திலேயே இருக்கிறது.

ஆலை நிற்காததில் வியப்பில்லை. வால்வைத் திறப்பதும் பம்பை நிறுத்துவதும் பிஎல்சி போன்ற தனிக் கட்டுப்படுத்திகளின் வேலை. ஆபரேட்டரின் கணினி அவற்றைப் பார்ப்பதற்கும் அவற்றுக்குக் கட்டளையிடுவதற்கும் அமைந்த ஒரு சன்னல் மட்டுமே. ஆனால் அணைந்த திரையை யாரும் நம்புவதில்லை, உறைந்த திரையை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். தொட்டியின் மட்டம் 62 விழுக்காடு என்று கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நிற்கும், தொட்டியோ நிரம்பிக்கொண்டிருக்கும். மூலையில் கடிகாரம் ஓடுகிறதே என்று ஆறுதல் அடையவும் முடியாது. அந்தக் கடிகாரத்தை வரைவது வேறொரு நிரலாக இருக்கக்கூடும்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லாமல் போனதே, அதில் இதற்கு நெருங்கிய ஒரு கோளாறுக்குப் பங்குண்டு. ஒகையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தில் எச்சரிக்கை மென்பொருள் பிற்பகல் 2.14க்குச் சற்றுப் பின் செயலிழந்தது. செயலிழந்த செய்தியை அது யாருக்கும் அறிவிக்கவில்லை. 1 முதல் 3 விநாடிகளில் புதுப்பிக்கப்பட வேண்டிய திரைகள் ஒரு கட்டத்தில் 59 விநாடி வரை எடுத்துக்கொண்டன. எச்சரிக்கை வராததால், மின்தடங்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்ததை ஆபரேட்டர்கள் நெடுநேரம் உணரவில்லை.

இப்போது வாசகரின் திரைக்கு வருவோம். இத்தகைய உறைதலுக்குக் காரணங்கள் பல; அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ‘கசிவு’. விண்டோஸில் ஒரு நிரல் திரையில் கோடு வரைய வேண்டுமானால், முதலில் ஒரு பேனாவைக் கேட்டு வாங்க வேண்டும். பரப்புக்கு நிறமிட ஒரு தூரிகையையும், எழுத்துக்கு ஒரு எழுத்துருவையும் அவ்வாறே வாங்க வேண்டும். இவை ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ எனப்படுகின்றன. வாங்கியதை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு நிரல் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியவை, இயல்பான அமைப்பில், 10,000 மட்டுமே. வெப்பநிலையின் போக்கைக் காட்டும் டிரெண்ட் வரைபடத்தை ஆபரேட்டர் திறக்கும் ஒவ்வொரு முறையும், நிரலர் ஒருவரின் மறதியால் 4 பேனாக்கள் திருப்பித் தரப்படாமல் தங்கிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 முறை திறந்தால் 400; 25 நாளுக்குள் வரம்பு தீர்ந்துவிடும். அதன்பின் மெனு பாதி வரும், பொத்தான்கள் வெறும் சாம்பல் கட்டங்களாகத் தெரியும், அப்புறம் நிரல் அப்படியே நின்றுவிடும். நினைவகமோ இன்னும் தாராளமாக மிச்சமிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆலை அமைதியாக இருக்கும் இரவில் ஆபரேட்டர் எதையும் அதிகம் திறப்பதில்லை, எனவே கசிவும் ஏறக்குறைய இல்லை. ஆலையில் ஏதோ தடம்புரளும்போதோ, அவர் ஒரு மணி நேரத்தில் 60 வரைபடங்களைத் திறந்து மூடுவார். அரை நாளில் கசிய வேண்டியதைவிட அதிகம் அந்த ஒரு மணி நேரத்தில் கசிந்துவிடும். ஆகவே இந்தப் பிழை, திரை மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடும் வாய்ப்பு அதிகம்.

கசிவுக்கு நேர்மாறான இன்னொரு வகையும் உண்டு. கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடிகள் ஆயின என்பதை 32 பிட் எண்ணில், அதாவது 32 இருமை இலக்கங்களுக்கு மட்டுமே இடமுள்ள எண்ணில், வைத்திருந்தால், அந்த எண் 49.7 நாளில் நிரம்பி மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். ‘இந்த எண்ணைத் தாண்டும்வரை காத்திரு’ என்று எழுதப்பட்ட நிரல், அரை விநாடிக்குப் பதிலாக ஏறக்குறைய 50 நாள் காத்திருக்கத் தொடங்கிவிடும். இந்தப் பிழை யார் எதைத் திறந்தார்கள் என்பதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே நாளில் இயக்கப்பட்ட கணினிகள் அனைத்தையும் ஏறத்தாழ ஒரே வேளையில் நிறுத்திவிடும். மாற்று ஏற்பாடாக வைத்த கணினியும் சேர்ந்தே விழும்.

இரண்டையும் பிரித்தறிய உதவுவது, ஓர் உறைதலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாள் கணக்கு. ஒவ்வொரு முறையும் 49.7 நாள் என்றால் சந்தேகம் அந்த மில்லிவிநாடி எண்ணின் மீது விழ வேண்டும். 18, 31, 24 என்று மாறிக்கொண்டே இருந்து, அதிகம் புழங்கும் கணினியே முதலில் நின்றால், அது கசிவாக இருக்கலாம். ரீஸ்டார்ட் இந்தத் தடயங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறது. பிழை போகவில்லை, எண்ணிக்கை மட்டும் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ‘மாதம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினை வராது’ என்று காரணம் தெரியாமல் கடைப்பிடிப்பதற்கும், இயந்திரத்துக்குக் கிரகம் சரியில்லை என்று சொல்வதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2004 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டார விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் குரல் தொடர்பு அமைப்பு அறுந்ததும், இப்படிப்பட்ட 30 நாள் ரீஸ்டார்ட் ஒன்று தவறவிடப்பட்டதால்தான். மாற்று அமைப்பும் அப்போது கைகொடுக்கவில்லை.

தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுவதன் பயன் இங்குதான் வருகிறது. ஓர் ஆலை ஆண்டுக்குச் சில உறைதல்களை மட்டுமே பார்க்கும். நிறுவனமோ பல ஆலைகளின் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கும். அமெரிக்காவில் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைப் பெரிதும் பாதிக்கக்கூடிய குறைபாடுகளைத் தெரியப்படுத்துவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. மற்ற ஆலைகளில் அது பெரும்பாலும் ஆபரேட்டரின் பொறுமையையே நம்பியிருக்கிறது. புதிய வசதிகளைச் சேர்க்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, மென்பொருளை 90 நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒதுக்கினாலே இக்கடிதங்களில் பல தேவைப்படாது என்பது என் எண்ணம்.

‘கணினி ஹேங் ஆனது’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. கடைசியாக இயக்கிய நாள், உறைந்த நேரம், அதற்கு முந்தைய அரை மணியில் திறந்தவை, மென்பொருளின் பதிப்பு, அண்மையில் சேர்த்த திருத்தங்கள் ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். வாசகருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது: அவருடைய பக்கத்துக் கணினி இன்னும் ரீஸ்டார்ட் செய்யப்படவில்லை. அதில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற நெடுவரிசையைக் காட்டச் செய்து, அந்த எண்ணை இன்றும் நாளையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொண்டால் போதும். அது ஏறிக்கொண்டே போனால், அடுத்து உறையப்போகும் திரை எது என்பதும், அதற்கு இன்னும் ஏறத்தாழ எத்தனை நாள் இருக்கிறது என்பதும் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.