ஆஃபர் லெட்டரின் நான்காம் பக்கம்

கிருஷ்ணகிரியில் வருமான வரி ஆலோசகராக இருக்கும் எனக்கு வரிக்கணக்கை விடச் சம்பளக் கணக்குத்தான் அதிகம் வருகிறது. சென்ற மாதம் தருமபுரியிலிருந்து ஓர் இளைஞர் தம் தந்தையோடு வந்தார். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய்க்கு வேலை உறுதியானதும், இருந்த வேலையை விட்டு, வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துக் குடிபோயிருக்கிறார். முதல் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, "கம்பெனி ஏமாத்திடுச்சுங்களா சார்?" என்று கேட்கிறார். யாரும் ஏமாற்றவில்லை. ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தைப் படமெடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்பியவர், நான்காம் பக்கத்தில் இருந்த சம்பள விவர இணைப்பைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதே கதையை இந்த ஓராண்டில் எத்தனை முறைதான் கேட்பது!

முதல் பக்கத்தில் இருந்த தொகை சிடிசி, அதாவது உங்களை வேலைக்கு வைத்திருப்பதற்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது உங்கள் சம்பளம் அல்ல. இவருடைய கணக்கையே பாருங்கள். மாதம் 40,000 என்று அவர் நினைத்ததில், அடிப்படைச் சம்பளம் 20,000. அதற்கு நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 2,400. பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) ஒதுக்கியது 962. வேலையை இடையில் விட்டுப் போகிறவர் பெரும்பாலும் அதைக் கண்ணால் பார்ப்பதேயில்லை. குழுக் காப்பீட்டுக்கு 638. "செயல்திறன் ஊதியம்" என்று ஆண்டு முடிவில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்ற தொகை மாதத்துக்கு 4,000. ஆக 8,000 போனது. மீதி 32,000-இல் அவர் பங்கு பிஎஃப் 2,400, கேன்டீனுக்கும் பேருந்துக்கும் 1,200. கையில் வந்தது 28,400. அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில்வரி தனி. வருமான வரியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பதறுகிறார்கள்; 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையைத் தேர்ந்த ஊதியதாரருக்கு 12,75,000 ரூபாய் வரை அது பூஜ்யம். வங்கி மேலாளர் கடன் கொடுக்கும்போது சிடிசியையா பார்க்கிறார்? பே ஸ்லிப்பைத்தானே கேட்கிறார்?

தருமபுரியில் அவர் வாங்கியது 20,500. பிடித்தம் போகக் கையில் 18,900. சொந்த வீடு, ஒரே அடுப்பு. ஓசூரில் கூடுதலாகக் கிடைத்தது 9,500. வீட்டு வாடகையோ 11,000. இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவருக்குத்தான் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. தம்மைச் சார்ந்திருந்த தாயாருக்கு அதில்தான் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கி வந்தார். புதிய வேலையில் அந்தத் தகுதி இல்லை. குழுக் காப்பீட்டிலோ மனைவியும் பிள்ளையும் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தார்கள். மாத்திரைச் செலவும் இப்போது அவர் தலையில். இதை நான் சொன்னபோது, அதுவரை பேசாதிருந்த தந்தை மகனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நம்ம பக்கம்தானே, என்ன பெரிய செலவு?" என்ற எண்ணமும் தவறு. 2004-இல் மாவட்டம் பிரியும் வரை ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது என்பதற்காக, அதன் வாடகை தருமபுரி வாடகையாக இருக்காது. பெங்களூர்ப் பக்கத்து எலக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் வேலை செய்கிறவர்கள் ஓசூரில் குடியிருக்கிறார்கள்; அவர்களோடு போட்டி போட்டுத்தான் நீங்களும் வீடு பிடிக்கிறீர்கள். பெங்களூரைப் போலப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களிடம் சட்டம் பேசி என்ன பயன்? மின்சாரத்துக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரா என்றும் கேளுங்கள். துணை மீட்டரில் அவர் சொல்வதே யூனிட் விலை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். வாடகை, தவணைகள், பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய நான்கும் சேர்ந்து, கையில் வரும் தொகையில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்த அளவில் பார்த்தால் சொந்த வீட்டில் இருந்துகொண்டு காவேரிப்பட்டணத்தில் 22,000 வாங்குகிறவர், ஓசூரில் 32,000 வாங்குகிறவரைவிட நிம்மதியாக இருக்கக்கூடும். "தமிழ்நாட்டில் வாழ இவ்வளவு போதும்" என்று இணையத்தில் ஒரே எண்ணைத் தரும் கணிப்பான்களுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

ஓசூர் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் அங்கே சம்பளம் ஏறுகிற வேகம் தருமபுரியில் இல்லை. இணைப்பில் மாதாமாதம் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் பெற்றோர் உண்டா என்று கேளுங்கள். முதல் ஆறு மாதம் தனியாகப் போய் அறை எடுத்துத் தங்குங்கள், குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம். என்னிடம் வருவதானாலும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, தயவுசெய்து நான்காம் பக்கத்தோடு வாருங்கள்.