ஆறாயிரம் ரூபாய் என்ன செய்தது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் அரசு நிவாரணம்: கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய், மற்ற வட்டங்களில் 1,000. அந்தப் பணத்தால் என்ன பலன் என்று கேட்டால், எத்தனை கார்டுக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் பதிலாகாது.

ஒரு மாதம் கழித்து விசாரித்தால் எல்லாரும் கொஞ்சம் தேறித்தான் இருப்பார்கள். தண்ணீர் வடிந்துவிட்டதே, பணம் கொடுக்காவிட்டாலும் தேறியிருப்பார்கள். சரி, 6,000 வாங்கியவர்களை 1,000 வாங்கியவர்களோடு ஒப்பிடலாமா? அது இன்னும் மோசம். மெத்தை, மிக்சி, அரிசி மூட்டை எல்லாம் சகதியாகிப் போனதே 6,000 வாங்கியவர் வீட்டில்தான், அதனால் கூடுதல் பணம் குடும்பத்தைக் கெடுக்கிறது என்றுகூடக் கணக்கு சொல்லும்!

உண்மையில் தெரிய வேண்டியது, அதே குடும்பம் பணம் வாங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. அதைப் பார்க்க வழியில்லை, எனவே அதே நிலையில் இருந்தும் பணம் கிடைக்காத ஆட்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது சுத்தமான முறை. ஆப்கானிஸ்தானில் 500 கிராமங்களை இப்படிப் பாதிப் பாதியாகப் பிரித்து ஒரு வளர்ச்சித் திட்டத்தைச் சோதித்தார்கள். ஆனால் போருக்குத் தப்பி வந்து நிற்கிறவரிடம் சீட்டை நீட்ட யாருக்கு மனசு வரும்?

லெபனானில் ஒரு வழி தானாகவே கிடைத்தது. 2013-14 குளிர்காலத்தில் சிரிய அகதிக் குடும்பங்களுக்கு அடுப்பும் எரிபொருளும் வாங்க ஏடிஎம் கார்டு மூலம் மொத்தம் சுமார் 575 டாலர் கொடுத்தார்கள், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே இருந்தவர்களுக்கு மட்டும். 490 மீட்டரில் இருப்பவருக்கும் 510 மீட்டரில் இருப்பவருக்கும் குளிரில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனால் ஒருவருக்குப் பணம் உண்டு, மற்றவருக்கு இல்லை. 500 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, பணம் வந்த வீடுகளில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது குறைந்திருந்தது, கடை விலையும் ஏறவில்லை. குளிருக்கென்று கொடுத்த பணத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் போயிருந்தது, பின்னே, பசி முந்திக்கொள்ளாதா?

நம் வட்ட எல்லையை ஒட்டிய பக்கத்துப் பக்கத்து ஊர்களிலும் இப்படிப் பார்க்கலாம்தான், ஆனால் இங்கே கோடு போட்டதே பாதிப்பைப் பார்த்து என்பதால் அந்த அளவுக்கு நம்ப முடியாது.

இன்னொரு தொல்லை பதில்கள். உதவி கொடுத்தவர்களே நோட்டோடு வந்து நின்றால், அடுத்த பட்டியலில் பெயர் விட்டுப்போகுமோ என்ற பயத்தில் “எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி” என்றுதான் சொல்வார்கள். அதனால் வேறு ஆட்களை அனுப்பி, நேற்று எத்தனை வேளை சமைத்தீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள் என்று கேட்பது மேல். போர் நடக்கும் இடத்திலோ இரண்டாம் முறை போகும்போது பாதிப் பேர் இடம் மாறியிருப்பார்கள், ரொம்பச் சிரமப்பட்டவர்களே கிளம்பிப் போயிருந்தால் மீதி முகாம் செழிப்பாகத் தெரியும். முதல் சந்திப்பிலேயே சொந்தக்காரர் ஒருவருடைய போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.