கடிக்கக் குதிரைக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

"குதிரை திடீர்னு கடிச்சிருச்சு" என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கடிப்பதற்கு முன்னால் பெரும்பாலும் அது காதுகளைப் பின்பக்கமாகக் கழுத்தோடு ஒட்ட மடக்கியிருக்கும், மூக்கோரம் சுருங்கியிருக்கும், வாலை வெடுக்கென்று வீசியிருக்கும், பார்க்க வேண்டியவர் பார்த்திருக்கமாட்டார். இன்னொன்றும் நடக்கும்: காதை மடக்கியதற்கே அடி வாங்கிப் பழகிய குதிரை, அடுத்த முறை அதை மடக்காமல் நேராகக் கடிக்கும். எச்சரிக்கைதான் போனது, கோபம் அப்படியே இருக்கிறது.

குதிரை இரை விலங்கு. ஓட வழியிருந்தால் ஓடிவிடும், கட்டிப்போட்டிருந்தாலோ வலித்தாலோதான் திரும்பி நிற்கும். அதனால் முரட்டுக் குதிரை என்றால் முதலில் கால்நடை மருத்துவர்தான். சேணத்துக்கு அடியில் புண், கூர்மையாக வளர்ந்து கன்னத்தைக் கிழிக்கும் பல், அப்புறம் அல்சர், அதாவது வயிற்றுப்புண். குதிரையின் வயிறு தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், மணிக்கணக்கில் புல் இல்லாமல் நின்றால் அந்த அமிலம் வயிற்றின் பாதுகாப்பில்லாத மேல்பகுதியை அரித்துவிடும். அந்த வயிற்றைச் சுற்றிச் சேணத்தின் வாரை இறுக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்? சில பெண் குதிரைகளுக்குச் சினைப்பையில் வரும் ஒரு வகைக் கட்டி ஆண் ஹார்மோனைச் சுரந்து, பொலிகுதிரை (காயடிக்காத ஆண் குதிரை) மாதிரி மூர்க்கமாக்கிவிடுவதும் உண்டு.

சரி, வலியெல்லாம் தீர்ந்த பிறகும் கடிக்கிறதே? அதை நாம்தான் சொல்லிக்கொடுத்திருப்போம். சேணத்தோடு ஒருவர் வருகிறார், குதிரை பல்லைக் காட்டுகிறது, அவர் பின்வாங்குகிறார். புத்தியுள்ள எவரும் செய்வதுதான். ஆனால் குதிரைக்கு அந்த நொடியில் தொந்தரவு விலகியது, அதுதான் அதற்குப் பரிசு. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பல்லைக் காட்டும்.

1858-ல் அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர் ஜான் ரேரி, இங்கிலாந்தில் குரூசர் என்ற பயங்கரமான பொலிகுதிரையை அடக்கிப் பெரும் புகழ் பெற்றார். முன்னங்காலை மடக்கிக் கட்டி, குதிரையைக் களைக்க வைத்துப் படுக்க வைப்பது அவர் முறை. அடிப்பதை அவர் எதிர்த்தார், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஆனாலும் தப்ப வழியில்லாமல் அடங்கிப்போவதும் நிதானமாவதும் ஒன்றல்ல என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது செய்வது, பல்லைக் காட்டினால் ஆள் விலகுவார் என்று நாம் சொல்லிக்கொடுத்த அதே பாடத்தைத் திருப்பிப் போடுவது. நடுவில் வேலி. குதிரை கவனிக்கிற, ஆனால் கோபப்படாத தூரத்தில் நிற்க வேண்டும், காது தளர்ந்த அந்த நொடியிலேயே விலகிப் போக வேண்டும். மூன்று நொடி தாமதித்தால் எதற்கான பரிசு என்று அதற்குப் புரியாது. பல வாரங்கள் பிடிக்கும், அனுபவசாலி ஒருவர் கூட இருப்பது நல்லது. அதுவரை பக்கத்தில் போக வேண்டியிருந்தால் குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகப் போகவும், நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. எட்டி உதைக்கும் தூரத்தில் நிற்பதுதான் ஆபத்து, அங்கேதான் உதை முழு வேகத்தில் விழும்.

பயந்த குதிரையைவிட எனக்குப் பயம், பாட்டில் பால் கொடுத்து மனிதர்கள் மட்டுமே வளர்த்த குட்டியிடம்தான். நம்மையும் குதிரை என்றே நினைத்து விளையாட்டாகக் கடிக்கும், முன்னங்காலைத் தூக்கி மேலே போடும், 50 கிலோவில் சிரிப்பாக இருப்பது 450 கிலோவில் ஆளைக் கொல்லும். அதைச் சின்ன வயதிலேயே ஒரு மூத்த பெண் குதிரையோடு விட்டுவிட வேண்டும். குட்டி எல்லை மீறினால் அந்தப் பெண் குதிரை காதை மடக்கி ஒரு முறை முறைக்கும், கேட்காவிட்டால் ஒரு கடி.