மிலிட்டரி பென்ஷன் இருக்கும்போது பஸ் ஸ்டாண்டில் ஏன் படுத்திருக்கிறார்?

தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன வாரம் ஒருவரை அழைத்து வந்தார்கள். இந்த வருடம் எங்கள் மனநல வார்டுக்கு வந்த நான்காவது முன்னாள் ராணுவ வீரர். குதிகாலில் புண், அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டியிருந்தது. கொண்டுவந்து விட்ட டீக்கடைக்காரர் சொன்னார்: "மிலிட்டரிக்காரருங்க. பென்ஷன் வருது, குடிச்சே அழிச்சிட்டாரு."

மனநல சமூகப் பணியாளரான எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமைதான் மிச்சம். சரி, அந்தப் பென்ஷனையே பார்ப்போம். சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் முடித்தால்தான் பணிக்கால ஓய்வூதியம். 9, 10 ஆண்டுகளில் வெளியே வந்தவருக்கு அது கிடையாது. ஊனத்தால் அனுப்பப்பட்டவர்களுக்குத் தனி விதி. முழுப் பணி முடித்தவரும் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். ஆதார், போன், பாஸ்புக் எல்லாம் தொலைத்தவர் தாம் உயிரோடு இருப்பதை யாரிடம் போய்ச் சொல்வார்? நின்றுபோன பென்ஷன் ரத்தான பென்ஷன் அல்ல. சான்று கொடுத்தால் நிலுவையோடு வரும். இது பல வீட்டாருக்கே தெரிவதில்லை.

குடி? நான் பார்த்தவர்களில் பலருக்கு முதலில் போனது தூக்கம். நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி, செக்யூரிட்டி வேலையும் நிலைக்காமல், ராத்திரி பயத்துக்கு மருந்தாகக் குடித்தவர்கள் அவர்கள்.

இவரிடம் பெயர் கேட்டோம், ஊர் கேட்டோம். பதில் இல்லை. வார்டு ஊழியர் ஒருவர், "ஐயா, உங்க ஆர்மி நம்பர் என்னங்க?" என்றார். சாய்ந்து கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இலக்கங்களையும் கடைசி ஆங்கில எழுத்தையும் தடங்கலில்லாமல் சொன்னார். அந்த நம்பர் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அவருடைய பணி விவரங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு.

தயவுசெய்து இப்படிப்பட்டவரைச் சேலம் பஸ்ஸிலோ ஓசூர் பஸ்ஸிலோ ஏற்றிவிடாதீர்கள். அடுத்த ஊரில் அவரைத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மனநலம் குன்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது போலீஸ் கடமை, லாக்கப்பில் வைக்கவே கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் தயங்கினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், குடியை நிறுத்துகிறேன் என்று அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். நெடுநாள் குடித்தவருக்குத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். வீட்டில் ஒருவர் தூங்காமல் தவிக்கிறார் என்றால் இன்றைக்கே அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். வீட்டில் முன்னாள் ராணுவ வீரர் இருந்தால், அவருடைய ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் நகலெடுத்து வையுங்கள்.

பாலக்கோட்டில் அவருடைய தங்கையைக் கண்டுபிடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்குள் ஷேவ் செய்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார் அண்ணன்.