தருமபுரியில் கால் சென்டர் தொடங்க ஓஎஸ்பி பதிவு வேண்டுமா?

அரூரிலோ காவேரிப்பட்டினத்திலோ பத்து இளைஞர்களை வேலைக்கு அமர்த்தி, பெங்களூரு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்கும் சிறிய கால் சென்டரைத் தொடங்க நினைப்பவருக்கு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ஓஎஸ்பி பதிவு இன்று தேவையில்லை. ‘லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம்’ என்று யாரேனும் கட்டணம் கேட்டால், 2020 நவம்பர் 5 அன்று வெளியான வழிகாட்டு நெறிகளிலேயே அந்தப் பதிவுமுறை நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஓஎஸ்பி என்பது ‘பிற சேவை வழங்குநர்’ என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். தொலைபேசி இணைப்பைத் தாமே விற்காமல், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கிய இணைப்பைக் கொண்டு கால் சென்டர், பிபிஓ (பிற நிறுவனங்களின் பணிகளை வெளியிலிருந்து செய்து தருவது) போன்ற சேவைகளை நடத்துவோரை இந்தப் பெயரால் வகைப்படுத்தினார்கள். 1999-ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை இவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பின்னர் வந்த நிபந்தனைகள் அந்தப் பதிவைப் பெருஞ்சுமையாக்கின. குறிப்பாக, ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்தபடி அழைப்புகளைக் கவனிக்க வேண்டுமானால், அந்த வீடு நிறுவனத்தின் நீட்சியாகக் கருதப்பட்டு, முகவரி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, தனிப்பட்ட பாதுகாப்பான வலையிணைப்பு போடப்பட்டு, இவற்றுக்கெல்லாம் மேலாக நிறுவனம் 1 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதமும் தர வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களே தயங்கிய தொகை அது. பென்னாகரத்தில் ஒரு பட்டதாரிப் பெண் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொள்வது, இந்த விதியின் கீழ் ஏட்டளவில் மட்டுமே சாத்தியம்.

இந்த விதி நீங்கியதில் ஒரு தொழில் சங்கத்தின் பங்கு உண்டு. தொழில் சங்கம் என்றதும் நம் பக்கத்தில் பலருக்கும் ஓசூரின் சிறு, குறுந்தொழில்களுக்கான ஹோஸ்டியாதான் நினைவுக்கு வரும். மென்பொருள், தகவல் தொழில்நுட்பச் சேவைத் துறைக்கு நாடளவில் அப்படி இருப்பது 1988-இல் தொடங்கப்பட்ட நாஸ்காம். இது அரசு அமைப்பு அன்று. நிறுவனங்களே உறுப்பினர்களாக உள்ள சங்கம். மானியம் வழங்கும் அதிகாரமோ ஆணை பிறப்பிக்கும் அதிகாரமோ அதற்கு இல்லை. உறுப்பினர்கள் அன்றாடம் சந்திக்கும் இடர்களைத் திரட்டி, எந்த விதியின் எந்தப் பிரிவு தடையாக இருக்கிறது என்பதை அரசுக்கு விளங்கும் மொழியில் எழுதித் தருவதுதான் அதன் முதன்மையான வேலை. பரபரப்பில்லாத வேலைதான், ஆனாலும் மாநாடுகளையும் விருதுகளையும் விட இதுவே பயன் தருவது என்பது என் எண்ணம்.

வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான நிபந்தனைகளைத் தளர்த்துமாறு நாஸ்காம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 மார்ச்சில் இதுபற்றிக் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது; அக்டோபரில் தன் பரிந்துரைகளை அரசுக்கு அளித்தது. அரசு முடிவெடுப்பதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2020 மார்ச்சில் வங்கி உத்தரவாதத்திலிருந்து தற்காலிக விலக்கு தரப்பட்டு, அது தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டது. அந்த மாதங்களில் ஊழியர்கள் ஊர் திரும்பி வீட்டிலிருந்தே வேலை பார்த்தும் தொழில் நின்றுபோகவில்லை என்பதை அனைவரும் கண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பதிவும் உத்தரவாதமும் நிரந்தரமாக நீக்கப்பட்டன. குரல் அழைப்பு இல்லாமல் தரவு வேலை மட்டும் செய்யும் நிறுவனங்கள் ஓஎஸ்பி என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டன. 2021 ஜூன் 23 அன்று இரண்டாம் கட்டத் தளர்வு வந்தது: உள்நாட்டு அழைப்பு மையம், பன்னாட்டு அழைப்பு மையம் என்ற பிரிவினை ஒழிந்தது, அவ்வப்போது அறிக்கை அனுப்பும் கடமையும் நீங்கியது, வீட்டிலுள்ள ஊழியர் சாதாரண பிராட்பேண்ட் மூலமாகவே அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் நிறுவனத்தின் மைய எக்ஸ்சேஞ்சுடன் இணையலாம் என்றும் ஆனது.

இந்தப் பயன் நாஸ்காம் உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதன்று. விதி எல்லோருக்கும் பொதுவாக மாறியிருப்பதால், சந்தா செலுத்தாத ஊத்தங்கரை நிறுவனத்துக்கும் அதே உரிமை உண்டு.

ஆனால், பதிவு தேவையில்லை என்பதற்குக் கட்டுப்பாடே இல்லை என்று பொருளாகாது. இணைப்புகளை உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து மட்டுமே பெற வேண்டும். அழைப்பு விவரப் பதிவுகளைப் பேணி, சட்ட அமலாக்க அமைப்புகள் கேட்கும்போது அளிக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்புகளை உள்நாட்டு அழைப்புகளைப் போல மாற்றி விடுவது முன்பும் குற்றம், இப்போதும் குற்றம். அப்படி மாற்றப் பயன்படும், பல சிம் கார்டுகள் பொருத்திய கருவிதான் சிம் பாக்ஸ். ‘உங்கள் மாடியறையில் சிம் பாக்ஸ் ஒன்றை வைத்துக்கொள்கிறோம், மாத வாடகை தருகிறோம்’ என்று வருபவர் கால் சென்டர் நடத்த வரவில்லை. அறையைக் கொடுத்தவரும் வழக்கில் சிக்க நேரிடும். பொருள்களை விற்பதற்காக அழைப்பவர்கள், வணிகத் தகவல்தொடர்புக்கான 2018-ஆம் ஆண்டு டிராய் ஒழுங்குமுறைகளின்படி தொலைபேசி நிறுவனங்களிடம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்; அது ஓஎஸ்பியோடு தொடர்பில்லாத வேறு கடமை.

தொழிலை நடத்துவதில் வேறு ஏதேனும் விதி இடைஞ்சலாக இருந்தால், அதைச் சொல்லச் சங்க உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிடும்போது, குறித்த தேதிக்குள் எவரும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். பிறர் அனுப்பியவற்றுக்கு எதிர்க்கருத்து சொல்லவும் தனித் தவணை உண்டு. வந்த கருத்துகளை டிராய் தன் இணையதளத்தில் வெளியிடும் என்பதால், நாஸ்காம் போன்ற சங்கங்கள் தங்கள் வாதத்தை எப்படி எழுதுகின்றன என்பதை அங்கேயே படித்துப் பார்த்து, அதே பிரிவைக் குறிப்பிட்டுத் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ தாம் படும் சிரமத்தைத் தம் நிறுவனத்தின் பெயரிலேயே எழுதி அனுப்பலாம்.