எந்தக் கட்டத்தில் மனம் மாறினான்?

போன மாதம் ஓர் இளைஞர் தான் எழுதி வரைந்த 24 பக்கச் சூப்பர் ஹீரோ கதையைக் கொண்டுவந்து கொடுத்தார். நாயகன் மின்வாரிய லைன்மேன். கம்பத்தில் ஷாக் அடித்துப் பிழைத்தவனுக்கு, மின்சாரத்தைத் தன் சொல்படி ஆட்டிவைக்கும் சக்தி வந்துவிடுகிறது. நல்ல கரு. ஐந்தாம் பக்கத்தில் அவன் தம்பி சாகிறான். ஆறும் ஏழும் சேர்ந்து ஒரே பெரிய படம், கார் வெடிக்கிறது. எட்டாம் பக்கத்தில் நாயகன் ஊரையே இருட்டாக்கி, "இனி எவனுக்கும் வெளிச்சம் கிடையாது" என்கிறான். மிச்சமெல்லாம் சண்டை.

"தம்பி, இவன் எந்தப் படக்கட்டத்தில் இந்த முடிவுக்கு வந்தான்? விரல் வைத்துக் காட்டுங்கள்" என்றேன்.

ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே இரண்டு தடவை புரட்டினார். "தம்பி செத்ததாலதான் சார்."

"அது காரணம். முடிவெடுத்த இடம் எங்கே?"

அவரிடம் பதில் இல்லை. சித்திரக்கதை ஸ்கிரிப்டுகளைத் திருத்துவதே என் பிழைப்பு. வருகிற சூப்பர் ஹீரோ கதைகளில் பெரும்பாலானவற்றில் இதே பள்ளம் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. பெரிய நிறுவனங்களே இதில் விழுந்திருக்கின்றன.

நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் டிசி நிறுவனத்தின் 'கிரீன் லேன்டர்ன்' 48, 49, 50 ஆகிய மூன்று இதழ்கள். 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தவை. ஹால் ஜோர்டன் 1959-இல் அறிமுகமான நாயகன். நினைத்ததை ஒளியால் உருவாக்கும் மோதிரத்தோடு அண்டத்தைக் காக்கும் லேன்டர்ன் படையில் ஒருவன். பயமறியாதவன், நேர்மையானவன் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் பழகிய ஆள். அவனுடைய ஊரான கோஸ்ட் சிட்டி 1993-இல், அதுவும் சூப்பர்மேன் கதை ஒன்றில், லட்சக்கணக்கான மக்களோடு அழிந்துபோகிறது. 48-ஆம் இதழில் அவன் இடிபாடுகளுக்கு நடுவே நின்று, மோதிரத்தின் சக்தியால் ஊரைத் திரும்ப எழுப்புகிறான். விமான விபத்தில் செத்துப்போன அப்பாவை வரவழைத்துப் பேசுகிறான். சக்தி தீர்ந்ததும் எல்லாம் கரைந்துபோகிறது. சொந்தக் காரியத்துக்கு மோதிரத்தைப் பயன்படுத்தியதற்காக அந்தப் படையை நடத்தும் ஓவா கிரகத்துக் காவலர்கள் அவனைக் கண்டிக்கிறார்கள். இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அப்பா காட்சியை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கும்.

அடுத்த இதழிலேயே அவன் ஓவாவை நோக்கிப் பறக்கிறான். வழியில் மறிக்கும் சக லேன்டர்ன்களை ஒவ்வொருவராக அடித்துச் சாய்த்து மோதிரங்களைப் பிடுங்குகிறான். பூடிக்கா என்ற தோழியின் கையையே துண்டிக்கிறான். 50-ஆம் இதழில் பழைய எதிரி சினெஸ்ட்ரோவின் கழுத்தை முறிக்கிறான், நெடுநாள் தோழன் கிலோவாக்கைக் கொல்கிறான். மூன்று இதழ்களில் நாயகன் கொலைகாரனாகிவிட்டான். ஊரை மீட்க அவனுக்குச் சக்தி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் 'நண்பனைக் கொன்றாவது எடுப்பேன்' என்று அவன் எல்லை தாண்டிய அந்த ஒரு நொடியை எங்கே தேடுவது? பூமியில் அவனுக்கு வேண்டியவர்கள் எத்தனையோ பேர். ஒருவராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அவர்களைத் தள்ளிவிட்டுப் போயிருந்தால், நாம் அவனோடு சேர்ந்து விழுந்திருப்போம்.

அவசரத்துக்குக் காரணம் எழுத்து மேசைக்கு வெளியே இருந்தது. அதுவரை தொடரை எழுதியவரின் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, புதிய நாயகனைக் கொண்டுவருவது என்று ஆசிரியர் குழு முடிவுசெய்தது. அந்த வேலை ரான் மார்ஸ் என்ற புது எழுத்தாளரிடம் வந்து சேர்ந்தது. 50-ஆம் இதழுக்குள் பழையவன் போக வேண்டும். ஆக, கதை போய்ச்சேர வேண்டிய இடமும் தேதியும் முதலில் குறிக்கப்பட்டன, மனிதன் பிறகு அதற்குள் திணிக்கப்பட்டான். இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான். முடிவை நீங்களே சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அதை நோக்கி நடக்க எழுத்தாளருக்கு இதழ்களைக் கொடுங்கள்.

அந்த மூன்று இதழ்களின் கடனை அடைக்கப் பத்தாண்டு பிடித்தது. ஹாலின் பெயரைக் காக்க ரசிகர்கள் அமைப்பே தொடங்கினார்கள். 2004-இல் தொடங்கிய 'ரீபர்த்' கதையில், அவனுக்குள் பயத்தின் வடிவான ஓர் உயிரி புகுந்திருந்தது, அதுதான் அத்தனையும் செய்யவைத்தது என்று விளக்கம் வந்தது. சாமர்த்தியமான ஒட்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவனுடைய பாவத்தோடு அவனுடைய துக்கத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டு போய்விட்டது?

ஹாலின் இடத்துக்குப் புதிதாக வந்த கைல் ரேனருக்கும் இதே கதிதான். 48-ஆம் இதழில் அறிமுகமான அவன் காதலி அலெக்ஸ், 54-ஆம் இதழில் கொல்லப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் கிடக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது ஏழு இதழ்கள்தான். நாயகனுக்குக் கோபம் வர ஒரு பெண்ணைச் சாகடிக்கும் இந்தக் குறுக்குவழியைத்தான், பின்னாளில் சித்திரக்கதை எழுத்தாளரான கெயில் சிமோன் 1999-இல் பட்டியல் போட்டுக் கேள்வி கேட்டார்.

"பக்கம் போதவில்லை சார்" என்பார்கள். ஸ்பைடர்மேன் 1962-இல் அறிமுகமான கதை வெறும் 11 பக்கம். அதில் திருடன் ஓடிவருகிறான், பீட்டர் சும்மா நின்று பார்க்கிறான், காவலர் கேட்டதற்கு அது என் வேலையில்லை என்கிறான். முடிவெடுத்த கட்டம் அங்கே கண்ணெதிரே இருக்கிறது. அதனால்தான் கடைசிப் பக்கத்தில் சித்தப்பாவைக் கொன்றவனின் முகத்தைப் பார்த்து, அவன் அதே திருடன் என்று தெரிந்ததும் நமக்கும் வயிறு கலங்குகிறது. அந்தக் கதையை வரைந்த அதே ஸ்டீவ் டிட்கோ 1966-இல், இயந்திரத்துக்கு அடியில் சிக்கிய ஸ்பைடர்மேன் அதைத் தூக்கி எறியும் ஒரே செயலுக்கு ஏறக்குறைய ஐந்து பக்கம் செலவழித்தார். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வேகம் வேறு, அவசரம் வேறு. 1992-இல் சூப்பர்மேன் சாகும் கதையில் கடைசி நான்கு இதழ்களைக் கவனியுங்கள். பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்ததில் மூன்று, அடுத்ததில் இரண்டு, கடைசி இதழ் முழுக்கப் பக்கத்துக்கு ஒரே படம். மூச்சு முட்டும் வேகம்தான், ஆனால் திட்டமிட்டது. அவனைக் கொல்லும் டூம்ஸ்டே என்ற அரக்கனைப் பற்றி அந்தக் கதையில் நமக்கு ஒன்றுமே தெரியாது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

நான் செய்யும் சோதனை எளிது. ஸ்கிரிப்டில் பாத்திரத்தின் மனம் மாறும் கட்டங்களை மட்டும் சிவப்பில் வட்டமிடுவேன். அந்தக் கட்டத்துக்கு முன்னால், அவன் வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம் என்று காட்டும் கட்டம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றால் சண்டைப் பக்கத்தை வெட்டி அங்கே கொடுக்கச் சொல்வேன். அந்த இடத்தை வசனத்தால் நிரப்ப வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வசன பலூன் வீங்கி முகத்தை மறைத்துவிடும். நமக்கு அந்த முகம் வேண்டும்.

அந்த இளைஞர் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். கார் வெடிக்கும் படத்தை ஒரு பக்கமாகச் சுருக்கியிருந்தார். மிஞ்சிய ஏழாம் பக்கத்தில் ஆறு கட்டங்கள், ஒரு சொல்கூட இல்லை. லைன்மேன் கம்பத்தின் உச்சியில் இருக்கிறான். கீழே தெருவிளக்கின் அடியில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அவன் பார்க்கிறான். அவள் நிமிர்ந்து, தெரிந்தவன் என்பதால் கையசைக்கிறாள். அவன் கை பாதி எழுகிறது, அவளுக்குப் பதிலாகவா வேறெதற்காகவா என்று தெரியவில்லை. ஐந்தாவது கட்டத்தில் அவன் கண்கள் மட்டும். ஆறாவது கட்டம் முழுக்கக் கறுப்பு.