வெளிநாட்டில் மூன்றாவது பிரசவம்: முதலில் மூத்த இரண்டுக்கும் ஆள் பாருங்கள்

லண்டனில் மிட்வைஃபாக, அதாவது கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிப்பவராக, வேலை பார்க்கிறேன். கிளினிக்குக்கு வரும் தமிழ்ப் பெண்களில் மிகக் குறைவாகக் கேள்வி கேட்பவர்கள் மூன்றாவது முறை கர்ப்பமானவர்கள்தான். தலைப்பிள்ளைக்கு வருகிறவர் கைப்பேசியில் இரண்டு பக்கம் சந்தேகம் எழுதிக்கொண்டு வருவார். மூன்றாவதுக்கு வருகிறவர், "எல்லாம் தெரியும்க்கா, சீக்கிரம் எழுதி முடிச்சிடுங்க, பெரியவனை ஸ்கூல்ல இருந்து கூப்பிடப் போகணும்" என்பார்.

தெரியும் என்பது பொய்யில்லை. ஆனால் முதல் இரண்டும் ஊரில் பிறந்திருந்தால், அந்த அனுபவத்தில் பாதி அவருடைய அம்மாவுடையது. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார். வலி வந்ததும் ஆட்டோ பிடித்தது தம்பி, ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தது சித்தி. மூத்த பிள்ளை அன்றிரவு எங்கே தூங்கியது என்றுகூட அவருக்கு நினைவிருக்காது. இங்கே அத்தனை பேரின் வேலையும் கணவன் மனைவி இருவர் தலையில் விழுகிறது. அதில் ஒருவர் பிரசவ வலியில் இருப்பார்.

இந்த நாட்டு மருத்துவ முறையும் மூன்றாவது பிரசவத்தைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்கிறது. முதல் குழந்தை என்றால் பிரசவத்துக்கு முன் 10 முறை பார்ப்போம். அடுத்தடுத்த குழந்தைகளுக்கு, சிக்கல் எதுவும் இல்லாவிட்டால், 7 முறைதான். ஸ்கேன் பொதுவாக இரண்டு: 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் இன்னொன்று. மாதாமாதம் ஸ்கேன் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அலட்சியமாகத் தெரியும். அலட்சியமில்லை. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் உடம்பில் என்ன நடக்கிறது என்பது நீங்கள் போன் செய்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். குழந்தை அசைவது குறைந்தால் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், கூப்பிட வேண்டும். "நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கே, அப்போ சொல்லிக்கலாம்" என்று இருக்கக் கூடாது.

வலி வேகமாக வரும்

தலைப்பிரசவத்தில் வலி முழுமூச்சாகப் பிடித்த பிறகு சராசரியாக 8 மணி நேரம் ஆகும். அடுத்த பிரசவங்களுக்குச் சராசரி 5 மணி நேரம். இது சராசரிதான்; மூன்றாவதில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதும் உண்டு. குழப்பம் என்னவென்றால், மூன்றாவது கர்ப்பத்தில் கடைசி இரண்டு மூன்று வாரம் பொய்வலி வந்து வந்து போகும். இரண்டு தடவை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய பெண், மூன்றாவது தடவை உண்மையான வலி வரும்போது, "இதுவும் அதுதான்" என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்.

கிழக்கு லண்டனில் ஒரு குடும்பம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். நடுராத்திரிக்குப் பிறகு வலி ஆரம்பித்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்த நண்பர் குடும்பம் இருந்தது ஹாரோவில், நகரத்தின் மறுகோடியில். அவர்கள் கிளம்பி வருவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் குளியலறையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. கணவர் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு, துண்டுகளை ஹீட்டர் மேல் பரப்பினார். ஏழு வயது மகள் இரவு உடையோடு போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் மாடிப்படி ஏறும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டதாம். நண்பர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவும் குழந்தையும் நலம். ஆனால் மகள் அதற்குப் பிறகு பல நாள் தனியாகக் குளியலறைக்குப் போகவில்லை.

நம்மவர்களிடம் நான் காணும் வழக்கம் இது. தமிழ் நண்பர் என்றால் பத்து மைல் தள்ளி இருந்தாலும் நம்புவோம். பக்கத்து வீட்டுப் போலந்துக்கார அம்மாவிடம் கேட்கக் கூச்சப்படுவோம். ராத்திரி இரண்டு மணிக்கு உதவப் போவது அந்தப் பக்கத்து வீட்டம்மாதான். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். நடந்து வரும் தூரத்தில் ஒருவர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று இரண்டு பேரிடமாவது 36-வது வாரத்துக்கு முன்பே பேசி வையுங்கள். வீட்டுச் சாவியின் நகல் ஒன்று கொடுத்து வையுங்கள். பள்ளியில் யார் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்ற பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இங்கே பெயர் இல்லாதவர் வந்து நின்றால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். சின்னது பிடிவாதக்காரக் குழந்தை என்றால் ஒரு நாள் முன்னோட்டமாக அவர் வீட்டில் தூங்க விடுவதும் நல்லது. இதெல்லாம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிரசவ அறைக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். கணவர் அவர்களோடு வீட்டில் இருக்க, மனைவி தனியாக டாக்சியில் வந்து இறங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

பிரசவப் பிரிவுக்குப் போன் செய்யும்போது முதல் வாக்கியத்திலேயே, "இது மூன்றாவது குழந்தை, இரண்டாவது இத்தனை மணி நேரத்தில் பிறந்தது, வீடு இவ்வளவு தூரம்" என்று சொல்லுங்கள். "வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்ததும் கூப்பிடுங்க" என்ற அறிவுரையை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. கணவர் நன்றாக ஆங்கிலம் பேசுவார்தான். இருந்தாலும் ஒரு முறையாவது உங்களைத் தனியாகப் பார்த்து, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்பது எங்கள் வேலை. அதைக் கணவரை வைத்துக்கொண்டு கேட்க முடியாது.

குழந்தை வந்தேவிட்டால், காரில் ஏறாதீர்கள். 999-ஐ அழையுங்கள், எதிர்முனையில் இருப்பவர் கடைசி வரை போனிலேயே இருப்பார். வாசலைத் திறந்து வையுங்கள். குழந்தையை இழுக்கக் கூடாது, தொப்புள்கொடியை வெட்டக் கூடாது. துண்டால் நன்றாகத் துடைத்து, அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்து உலர்ந்த துணியால் மூடுங்கள். முதல் எதிரி குளிர்.

இன்னொரு வழியும் உண்டு. முந்தைய பிரசவங்கள் சுகப்பிரசவமாக இருந்து இந்தக் கர்ப்பத்திலும் சிக்கல் இல்லாதவர்கள், மிட்வைஃபை வீட்டுக்கே வரவழைத்துப் பிரசவம் பார்க்கலாம். சொன்னால் மாமியார்கள் சிரிப்பார்கள்: "இதுக்கா லண்டனுக்குப் போனீங்க?" ஆனால் 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இப்படிச் சிக்கலில்லாத, ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்கு வீட்டில் திட்டமிட்ட பிரசவத்தால் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு கூடவில்லை. வீட்டில் தொடங்கி மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தவர்கள் தலைப்பிரசவத்தில் 45 சதவீதம், மற்றவர்களில் 12 சதவீதம்தான். பிள்ளைகளுக்கு ஆள் கிடைக்காத குடும்பங்கள் இதை யோசிப்பதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த யோசனையை நான் சொல்வதில்லை.

ஏற்கெனவே இரண்டு சிசேரியன் என்றால்

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60 சதவீதத்துக்கும் மேல். அதனால் இங்கே மூன்றாவது குழந்தைக்கு வரும் நம் பெண்கள் பலர் வயிற்றில் இரண்டு தழும்போடு வருகிறார்கள்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை. அது எப்போதும் ஊரில் அம்மா வீட்டு பீரோவில் இருக்கும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஆபரேஷன் குறிப்பு இல்லாவிட்டால் அண்ணனையோ தம்பியையோ மருத்துவமனைக்கு நேரில் அனுப்பி வாங்குங்கள். கர்ப்பப்பையை எந்தத் திசையில் வெட்டினார்கள், உள்ளே ஒட்டுத்தசைகள் இருந்தனவா, ரத்தம் ஏற்றினார்களா என்பதெல்லாம் தோலில் தெரியும் தழும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, நஞ்சு (நஞ்சுக்கொடி, அதாவது பிளசென்ட்டா) எங்கே இருக்கிறது என்பது. 20 வார ஸ்கேனில் எல்லோரும் இதயத் துடிப்பையும் கைவிரல்களையும் பார்க்கிறார்கள். சிசேரியன் ஆனவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, "நஞ்சு கீழே இறங்கிப் பழைய தையல் மேல் உட்கார்ந்திருக்கிறதா?" அப்படி இருந்தால் அது கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விட்டது போல ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு சிசேரியனுக்கும் அந்த ஆபத்து ஏறும். நஞ்சு கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்த பெண்களை எடுத்துக்கொண்டால், முதல் சிசேரியனில் 3 சதவீதம் பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது. மூன்றாவது சிசேரியனில் 40 சதவீதம் பேருக்கு. 2006-இல் வந்த அமெரிக்க ஆய்வின் கணக்கு இது. முன்கூட்டியே தெரிந்தால் பெரிய மருத்துவமனையில், ரத்தம் தயாராக வைத்து, அனுபவமுள்ள குழு ஆபரேஷன் செய்யும். அதனால் நஞ்சு கீழே இருப்பதாகச் சொன்னால் 32-வது வாரத்தில் மறுபடி ஸ்கேன் இருக்கிறதா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒன்று சிசேரியன், ஒன்று சுகப்பிரசவம் என்று கலந்து வந்தவர்களுக்கு நல்ல செய்தி: மறுபடி சுகப்பிரசவத்துக்கு முயன்றால் 85 முதல் 90 சதவீதம் பேருக்குக் கைகூடுகிறது. "ஒருமுறை சிசேரியன் ஆனால் எப்போதும் சிசேரியன்தான்" என்று யாரோ சொன்னதை வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

ரத்தம் பற்றி. ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே போய், அதோடு பிரசவத்துக்கு வருபவருக்குச் சாதாரண ரத்தப்போக்கே ஆபத்தாகலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்குவதால் பாதி வீண். தெற்காசியப் பெண் என்பதாலேயே 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை செய்வார்கள். போன இரண்டு தடவையும் இல்லையே என்று தவிர்க்காதீர்கள். இரண்டாவது பிள்ளைக்கும் இதற்கும் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, உங்களுக்கு 40 வயதானாலோ முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ரத்த அழுத்தம் ஏறாமல் தடுக்க 12-வது வாரத்திலிருந்து ஆஸ்பிரின் தேவையா என்று பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுகப்பிரசவம் என்றால் ஆறு மணி நேரத்தில்கூட அனுப்பிவிடுவார்கள். கணவருக்கு இரண்டு வாரம் விடுப்பு. அம்மாவையோ மாமியாரையோ 37-வது வாரத்தில் வரவழைத்து, கணவரும் லீவில் இருக்கும்போது வீட்டில் ஆள் மேல் ஆளாக நிறைத்துவிட்டு, மூன்றாவது மாதத்தில் தனியாகிவிடுபவர்கள் அதிகம். விசிட்டர் விசா பொதுவாக ஆறு மாதம்; முடிந்தால் அதை முழுக்கப் பயன்படுத்துங்கள். வருகிறவருக்கும் அறுபது தாண்டியிருக்கும், சர்க்கரை மாத்திரை இருக்கும், டிசம்பர் குளிர் புதிது. பயணக் காப்பீடு எடுக்காமல் கூட்டிவர வேண்டாம்.

பத்தியச் சாப்பாட்டுக்கு நான் எதிரியில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் நல்ல சாப்பாடுதான். சண்டை போடுவது ஒன்றுக்குத்தான்: "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து அதிகம். 35 வயதைத் தாண்டியவர், உடல் எடை கூடியவர், சிசேரியன் ஆனவர், மூன்று பெற்றவர் என்று ஒவ்வொன்றையும் இங்கே கணக்கில் சேர்ப்பார்கள். இரண்டு சேர்ந்தாலே குறைந்தது பத்து நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அந்த ஊசிகளைப் பெட்டியோடு திருப்பித் தந்தவர்கள் உண்டு. போட்டே ஆக வேண்டும். அந்த மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மத காரணத்தாலோ சைவம் என்பதாலோ தயக்கம் இருந்தால் மறைத்து வைக்காமல் கேளுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அழையுங்கள்.

பிறகு, மனசு. எடின்பரோவில் 1987-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வோம். வீடியோ காலில் மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் "நன்றாக இருக்கிறேன்" என்று டிக் அடித்துத் தருவார்கள். மூன்றாவது பெற்றவளை யாரும் விசாரிப்பதில்லை, பழகியவள் என்று நினைக்கிறார்கள். பிரிட்டனில் பிரசவமாகி ஆறு வாரத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கர்ப்பம், பிரசவம் சார்ந்த நேரடிக் காரணங்களால் நிகழும் இறப்புகளில் முதலிடம் தற்கொலைக்கு. தூக்கம் கிடைத்தும் தூங்க முடியவில்லை, பிள்ளையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை என்றால், தனியாக இருக்கும்போது எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்ற பயம் நம் சமூகத்தில் பரவலாக இருக்கிறது. மனச்சோர்வு என்று சொன்னதற்காக யாரும் அப்படிச் செய்வதில்லை. மருந்தும் ஆலோசனையும்தான் தருவார்கள்.

காகித வேலை சுருக்கமாக: இங்கிலாந்தில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். இங்கே பிறந்ததாலேயே பிரிட்டிஷ் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்துவிடுவது நல்லது.

ஆறாவது வாரம் ஜிபியை (குடும்ப மருத்துவரை) பார்க்கும்போது கருத்தடை பற்றிப் பேச்சு வரும். நான் அதற்கு முன்பே, கர்ப்பமாக இருக்கும்போதே பேசிவிடுவேன். பிரசவமாகி 21 நாளிலேயே மறுபடி கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதால் ஆறு வாரம் தாமதம். சிசேரியன் என்றால் அதே மேஜையில் காப்பர்-டி வைத்துவிடலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் அப்போதே செய்யலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பேசிக் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஆண்களுக்கான ஆபரேஷன் இவை எல்லாவற்றையும்விட எளிது. தோலை மட்டும் மரக்கச் செய்து அரைமணி நேரத்தில் முடியும், தவறும் வாய்ப்பும் குறைவு. இதைச் சொன்னதும் கணவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார். "மூணு தடவை நான் படுத்தாச்சு, இந்தத் தடவை நீங்க போங்க" என்று ஈஸ்ட் ஹாமில் ஒரு பெண் என் எதிரிலேயே சொன்னார். படிவத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.